குன்றிலிருந்து இறங்காத கோல் படை

எனக்கும் தம்பி வெர்னனுக்கும் எதில் தகராறு வந்தாலும் அடித்தள அறையில் இரண்டு கம்ப்யூட்டர்களைப் போட்டு ஒரு போர் விளையாட்டில் உட்கார்ந்துவிடுவோம். அப்பாவின் டிரக் யாருக்கு என்பதே அப்படித்தான் முடிவானது. எப்போதும் ரோமப் படை எனக்கு, அந்தக் காலத்தில் ரோமரோடு மோதிய கோல் இனத்தவரின் படை அவனுக்கு. தோற்றவர் மறுபேச்சு பேசக் கூடாது. முடிவைச் சொல்ல யாருக்குப் போன் செய்ய வேண்டியிருந்தாலும் அவரே செய்ய வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் தகராறு அவன் உயிரைப் பற்றியது. புற்றுநோய்க்கு மூன்றாவது சுற்று கீமோ வேண்டாம் என்று பிடிவாதம். எடுத்தால் ஒரு வருஷம் கிடைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“நான் ஜெயிச்சா திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர்ற. சரியா?”

“சரி. நான் ஜெயிச்சா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தே, இந்தக் கோழி றெக்கையை உன் வாயில திணிச்சிருவேன்.” கடித்துக்கொண்டிருந்த துண்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

எனக்குப் பயமே இல்லை. இருபது வருஷமாக அவன் ஆடுவது ஒரே ஆட்டம்: சண்டை தொடங்கியதும் மொத்தப் படையும் கத்திக்கொண்டு ஓடிவரும். கோல் வீரர்களின் முதல் பாய்ச்சல்தான் பயங்கரம். கேடயத்தில் அதைத் தாங்கிக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றால் போதும், மூச்சு வாங்கிச் சிதறிவிடுவார்கள்.

அன்று அவன் ஓடிவரவில்லை. காடு சூழ்ந்த ஒரு குன்றைக் காக்கும் பக்கம் அவனுக்கு விழுந்திருந்தது. நாற்பது நிமிஷம் முடிந்தால் குன்றைக் காத்தவனுக்கே வெற்றி. படையை உச்சியில் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

“என்னடா, தூங்கிட்டியா? இறங்கி வா.”

“நீ ஏறி வா, நோரீன். முட்டி வலிக்குதா?”

இருபத்திரண்டு நிமிஷம் மிச்சமிருந்தது. செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். குன்றின் பின்பக்கம் சரிவு குறைவு. படையைக் களைக்காமல் சுற்றி நடத்திப் போனால் பதினைந்து நிமிஷம். பாதிச் சுற்று நடத்தியும் விட்டேன். அப்போது வெர்னன் இருமத் தொடங்கினான். குனிந்து, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, நிற்காமல் இருமினான். தொளதொளத்த சட்டைக் கைக்குள் அவன் மணிக்கட்டு குச்சியாகத் தெரிந்தது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. இப்போதே, இந்த நொடியே ஜெயித்துவிட வேண்டும் போலிருந்தது. மொத்தப் படையையும் நின்ற இடத்திலிருந்தே நேராக மேலே ஓடவிட்டேன்.

பாதி ஏற்றத்திலேயே என் ஆட்கள் களைத்துப்போனார்கள். காட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தவர்களை அப்போதுதான் அவிழ்த்துவிட்டான். அதே முதல் பாய்ச்சல். தாங்க ஒருத்தனுக்கும் தெம்பில்லை. நான்கு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

ஜெயித்தால் எப்போதும் குதிப்பவன் அன்று குதிக்கவில்லை. “இருபது வருஷமா நீதானே பொறுமையா ஆடுடான்னு கத்துவே?” என்றான்.

“இன்னும் ஒரே ஒரு ஆட்டம், வெர்ன்.” அழுதுகொண்டே கேட்டேன். வெட்கமாகக்கூட இல்லை.

“மறுபேச்சு கூடாது, நோரீன்.”

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தம்பி இன்று வரமாட்டான், இனியும் வரமாட்டான் என்று சொன்னேன். வேறு தேதி வேண்டுமா என்று போனை எடுத்த பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன். தோற்றவள் நான்தானே.