யாரோ ஒருத்தியின் பல்வரிசை

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். மேசைக்குப் பின்னால், சுழலும் நாற்காலியில், ஜூனியர் காலேஜின் வைஸ் பிரின்சிபால் பிரபாகர். அவருக்கு இடப்பக்கம், லேப்டாப்போடு, காலேஜுக்கு விளம்பர போர்டு செய்து தரும் நவீன். எதிரே நான், சந்திரகளா. எங்கள் ஊரில் வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளர், ஆஷா. எனக்கு வலப்பக்கம் என் மகள் ஸ்ருஜனா, பதினாறு வயது, துப்பட்டாவால் வாயை மூடியபடி. என் கணவர் யாதய்யா உட்காரவில்லை. அங்கே மிச்சமிருந்தது ஒரு தாழ்வான சோபா. பிறந்ததிலிருந்து நல்கொண்டா ஃப்ளோரைடு தண்ணீரைக் குடித்து இறுகிப்போன இடுப்பு அவ்வளவு கீழே இறங்காது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதே தண்ணீர்தான் ஸ்ருஜனாவின் முன்பற்களில் காவி நிறக் கோடுகளாக நிற்கிறது. எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். யாரும் அதை ஒரு குறையாகப் பார்த்ததில்லை. இன்டர் முதல் வருஷத்தில், அதாவது பிளஸ் ஒன்னில், அவள் 470-க்கு 466 வாங்கிய பிறகுதான் அது குறையாயிற்று. மார்க் வந்த வாரமே ஒவ்வொரு காலேஜும் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஆளுயர முகங்களோடு போர்டு கட்டும். வாயை மூடி எடுத்த போட்டோவைப் பார்த்து, “ஃபெயிலான பொண்ணு மாதிரி இருக்கா” என்றாராம் காலேஜ் சேர்மன். சிரித்தால் பல் தெரியுமே என்று, உடனே அவளை ஒரு பியூட்டி பார்லருக்குப் பல் வெளுக்க அனுப்பினார்கள்.

எனக்கு போன் வந்தது உண்மை. “போட்டோவுக்கு வெளிய கூட்டிட்டுப் போறோம்” என்றார் ஹாஸ்டல் வார்டன். சரி என்றேன். யார் கூடப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று மட்டும் கேட்டேன். ஊரில் ஒரு கர்ப்பிணி மாத்திரை விழுங்கினால் அட்டையை வாங்கிப் பெயர் படிக்கிறவள் நான். என் பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் என் மேலேயே இருக்கிறது.

பார்லர்க்காரன் பல்லில் எதையோ பூசி, நீல விளக்கைப் பிடித்து, ஒரு மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருக்கிறான். எரியுது என்று இவள் சைகை காட்டியதற்கு, “எரிஞ்சாத்தான் வெளுக்கும்” என்றிருக்கிறான். மறுநாள் ஈறு வெந்த தோல் மாதிரி வெள்ளையாகிக் கழன்று வந்தது. காவிக் கோடு அப்படியே இருக்க, சுற்றிலும் சுண்ணாம்புத் திட்டுகள் புதிதாகத் தெரிந்தன.

அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் நஸீமா விளக்கடித்து, ஈறை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இது மேல படிஞ்ச கறை இல்லக்கா, தேய்ச்சா போறதுக்கு. பல்லு உருவாகும்போதே வந்தது. இந்த வயசுல வெளுக்கவே கூடாதுன்னு இல்ல. முதல்ல வாயைச் சோதிக்கணும், ஈறை மூடணும், மருந்தோட வீரியம் குறைவா இருக்கணும், டாக்டர் பக்கத்துல இருக்கணும். இவன் என்ன பூசினான்னு அவனுக்கே தெரியாது.” அவர் சொன்னதை நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். ஜில்லா பரிஷத் ஸ்கூலில் எங்கள் தெலுங்கு வாத்தியார் கடிதம் எழுதச் சொல்லித் தரும்போது, நடந்ததை நடந்த வரிசையில் எழுது, திட்டுவதைக் கடைசிக்கு வை என்பார்.

அதற்குப் பிறகுதான் அந்த அறைக்குக் கூப்பிட்டார்கள். பிரபாகர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். நாங்களே விரும்பிச் செய்துகொண்டோம், யார்மீதும் புகார் இல்லை என்று டைப் செய்திருந்தது.

“ஒரு சைன் போடுங்கம்மா. பிள்ளை படம் முதல் வரிசையில, எல்லாரையும் விடப் பெருசா வரும். அடுத்த வருஷமும் இங்கதானே படிக்கணும்?”

கடைசி வாக்கியத்தை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

“சார், உங்க போர்டுல மார்க்கு தெரியணுமா, பல்லு தெரியணுமா?” என்றார் என் கணவர்.

“அண்ணா, நீங்க கொஞ்சம் உட்காருங்க.”

“உட்கார முடிஞ்சா உட்கார்ந்திருக்க மாட்டேனா?”

பேச்சை மாற்றுவதற்காக நவீன் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். என் மகள் திரை நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் அத்தனையும் பால் வெள்ளை.

ஸ்ருஜனா துப்பட்டாவை இறக்கினாள். “இது யாரோட பல்லு, அண்ணா?”

“கம்ப்யூட்டர்ல இருந்ததும்மா. யாரோ ஒரு மாடலோடது.”

“மாட்ட எவ்வளவு நேரமாச்சு?”

“அஞ்சு நிமிஷம்” என்றார் நவீன். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பிரபாகரைப் பார்த்தார். பிரபாகர் மின்விசிறியைப் பார்த்தார்.

அஞ்சு நிமிஷம். ஐந்து நிமிஷத்தில் முடிகிற பொய்க்காக என் பிள்ளையின் வாயை ஒரு மணி நேரம் வேகவைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடாத தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“அம்மா, அது காலேஜ் பேப்பர்” என்று எழுந்தார் பிரபாகர்.

“எங்க பேர்தானே சார் போட்டிருக்கு.”

மறுநாள் காலையில் கலெக்டருக்கு எழுத உட்கார்ந்தேன். பொருள், தேதி, நடந்தது, டாக்டர் சொன்னது, போர்டில் படம் போட எங்களுக்குச் சம்மதமில்லை என்பது. கடைசியில் திட்டுவதற்கு இடம் விட்டிருந்தேன். அங்கே வந்தபோது, எழுதியதே போதும் என்று தோன்றியது.

“சீட்டு போயிடுச்சுன்னா என்னடி பண்றது?” என்று ஸ்ருஜனாவிடம் கேட்டேன்.

“466 என்கிட்டதானேம்மா இருக்கு” என்றாள். பிறகு, “படம் வேண்டாம்னு எழுதாத. என் பல்லோட போடுறதா இருந்தா போடட்டும்னு எழுது.”

அந்த வரியை அடித்து, அவள் சொன்னபடி மாற்றினேன். கையெழுத்தில்லாத தாளை இணைத்தேன். அவள் அப்பாவின் போனில் எடுத்து, ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டு வந்திருந்த படத்தையும் வைத்தாள். வாயை அகலத் திறந்து, காவிக் கோடும் வெந்த ஈறும் தெரிய, நேராகப் பார்க்கிற படம்.

உறையின் பசை பிடிக்கவில்லை. பத்து நாளாக அவள் சாப்பிட முடிந்தது குழைந்த சோறு மட்டும்தான். மிளகாய் இல்லை, ஊறுகாய் இல்லை. தன் கிண்ணத்திலிருந்து நாலு பருக்கை எடுத்து, மடிப்பின் ஓரமாக நசுக்கித் தேய்த்து, கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

போஸ்ட் ஆபீசில் கவுண்டர்க்காரர் உறையைத் தடவிப் பார்த்து, “கோந்து இங்கயே இருக்கேம்மா” என்றார்.

“ஒட்டிடுச்சு சார்” என்றாள் ஸ்ருஜனா, வாயை மூடாமல்.

அவர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். சரியாக நசுங்காத ஒரு பருக்கை மடிப்புக்கு வெளியே பிதுங்கி நின்றது, வெள்ளையாக.