மடக்கையில் முளைத்த வால்

மணி மூன்று இருபது. நான்கு மணிக்குள் அதற்கு வால் உண்டெனச் சான்று காட்டாவிட்டால், அன்றிரவு பெரிய தொலைநோக்கி வேறொருவர் கைக்குப் போய்விடும். மறுநாள் முதல் வானில் புதிதாகக் கண்ட அந்தப் புள்ளி சூரியன் பக்கம் மறைந்துவிடும். மீண்டும் தென்பட ஆறு ஆண்டுகள் ஆகும்.

“வெறும் கல்லுன்னுட்டார் அந்தக் கடிகாரம்!” என்று பொருமினாள் அண்ணி. தொலைநோக்கியின் நேரத்தைப் பங்கிடும் அதிகாரிக்கு ஆய்வகத்தார் இட்ட பெயர் அது. அண்ணி வானியலாளர்; புள்ளியைக் கண்டவள் அவளே. வால் இருந்தால் அது வால்மீன். இல்லையேல் ஆயிரம் கற்களுள் ஒரு கல்.

அவளுடைய நாத்தனார் அதே ஆய்வகத்தில் அளவுகளை வண்ணப் படங்களாக்குபவள். திரையை உற்று நோக்கினாள். நட்டநடுவே மஞ்சள் பொட்டு, சுற்றிலும் கருநீலம்.

“அண்ணி, நடுவுல ஒளி எண்பதாயிரம். வால் இருந்தா எண்பதுகூடத் தேறாது. யானையையும் எறும்பையும் ஒரே கோலால அளந்திருக்காங்க.”

“அப்ப கோலை மாத்தேன்டி!”

மாற்றினாள். வண்ணத்தின் ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் பத்து மடங்காகும்படி மடக்கை (லாக்) அளவுகோலை அமைத்தாள். படம் விரிந்தது. எங்கு பார்த்தாலும் வெள்ளை ஓட்டைகள்.

“என்னடி இது, கரையான் அரிச்ச மாதிரி!”

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வானத்தின் சொந்த ஒளியை முன்னமே கழித்துவிட்டமையால், படத்தில் வெறும் வானம் தெரிந்த புள்ளிகளுள் பாதி சுழியமாகவோ அதற்கும் கீழாகவோ நின்றன. சுழியத்திற்கு மடக்கை ஏது? கணினி அவற்றை வெறுமையாக விட்டுவிட்டது.

“கறுப்பைப் பூசிடு.”

“பூசினா அங்க மங்கலா இருக்கற வாலும் சேர்ந்து போயிடும், அண்ணி. கொஞ்சம் பொறுங்க.”

சுழியத்தை ஒட்டிய சிறு பகுதியைச் சம அளவில் ஏற விட்டு, அதற்கப்பால் மட்டும் பத்துப் பத்தாக ஏறும்படி விரைந்து எழுதினாள். அவசரத்தில் ஓர் எண் பிழையாயிற்று, திருத்தினாள். படம் மீண்டும் எழுந்தது. ஓட்டைகள் இல்லை. மஞ்சள் பொட்டிலிருந்து இடப்புறமாக, ஊதிவிட்ட புகைபோல ஒரு பச்சைக் கீற்று நீண்டிருந்தது.

அண்ணி துள்ளியெழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் மோதிற்று. “வால்! என் கண்ணே, வால்டி! குடு, காட்டிட்டு வரேன்!”

நாத்தனார் கையை நீட்டித் தடுத்தாள். “இருங்க. பக்கத்து நட்சத்திரத்துக்கும் இதே அளவுகோலைப் போட்டுப் பாக்கணும். அதுக்கும் வால் முளைச்சா, முளைக்க வெச்சது நான்தான்.”

“மணி மூணு அம்பது! உங்கண்ணனுக்குத் தப்பாம பொறந்திருக்கே. சந்தேகப் பிராணி!”

திட்டியவாறே அண்ணி தன் இருக்கையை இழுத்துவந்து அமர்ந்தாள். அதே ஒளியுடைய நட்சத்திரமொன்றைத் தேர்ந்தார்கள். படம் நிறைந்தது. வட்டம்! சுற்றிலும் பச்சை, வாலோ இம்மியும் இல்லை. அடுத்த நட்சத்திரம், வட்டம். அதற்கடுத்ததும் வட்டம்.

அண்ணி படங்களை வாரிக்கொண்டு ஓடினாள், நாத்தனார் பின்தொடர்ந்தாள்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். “வண்ணத்த எப்படி வேணாலும் இழுக்கலாம், அம்மா. இழுத்தா கல்லுக்கும் வால் வரும்.”

“நட்சத்திரத்துக்கு வரலையே, சார்!” என்று மூன்று வட்டங்களையும் அண்ணி அவர் மேசைமேல் பரப்பினாள்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டார். ஓரத்து எண்களைப் பேனாவால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். மூன்று ஐம்பத்தெட்டுக்கு அன்றிரவு அட்டவணையில் வேறொருவர் பெயரை அடித்தார்.

“ஒன்றரை மணி நேரம். அதுக்கு மேல கேக்காதீங்க.”

நன்றி சொல்லக்கூட நில்லாமல், வாசலில் கழற்றிய செருப்பையும் மறந்து, அண்ணி தொலைநோக்கிக் கூடத்துப் படிகளில் தாவி ஏறலானாள்.

“அண்ணி! செருப்பு!” என்று கூவினாள் நாத்தனார்.

“நீயே கொண்டு வாடி!” என்று மேலிருந்து குரல் வந்தது.