மாடி இல்லாத வீட்டின் மாடிப்படி

கால்வாய் ஓரத்தில் கடைசியாக இருந்த அந்த வீட்டுக்கு மாடி கிடையாது. மாடிப்படி மட்டும் வளர்ந்துகொண்டே போனது. வீட்டுக்காரர் பெரிய துணிக்கடையொன்றில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேலே, கீழே என்ற இரண்டு திசைகளைத் தவிர உலகத்தில் வேறு திசை உண்டு என்பதில் அவருக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஒருநாள் குடும்பத்தோடு திரும்பி வருவான், அவனுக்கு மாடி வேண்டும், படியை முதலில் கட்டிவிட்டால் மாடி தானாக வந்துவிடும் என்பது அவர் கணக்கு. யார் சொல்லியும் கேட்கவில்லை. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டே கூரை உயரத்துக்குப் படி கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மகன் போனில், "அடுத்த வருஷம் பாக்கலாம்பா" என்று சொல்லும்போதெல்லாம் மறுநாள் காலையில் உச்சியில் புதிதாக ஒரு படி முளைத்திருக்கும், சிமென்ட் ஈரம் காயாமல். தங்கமான பையன், அப்பா மனம் நோகக் கூடாதென்று அதையே அடிக்கடி சொன்னான். படி மின்கம்பத்தைத் தாண்டி, கால்வாய்க்கு மேலே சாய்ந்து ஏறியது. தெருக்காரர்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள், அப்புறம் கீழ்ப்படிகளில் துணி காயப்போட்டார்கள். நகராட்சி ஆள் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்தார், கழுத்து சுளுக்கிக்கொண்டது, போய்விட்டார்.

கஷ்டமெல்லாம் வீட்டுக்காரரின் மனைவிக்கு. அவள் தையல்காரி. அக்கரைச் சந்தையில் ஒரு கடை போட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பாலமோ ஊரின் மறுகோடியில்; சுற்றிக்கொண்டு போனால் பாதிப் பொழுது போய்விடும். அக்கரையிலேயே குடி போகலாமா என்று கேட்டால், "பையன் வந்து பூட்டுன வீட்டப் பாத்தா என்ன நெனைப்பான்?" என்பார். "மொதல்ல வரட்டும்" என்பாள் அவள். அன்றைக்குக் கத்தரிக்கோல் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்கும். அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச காலம் போனால் கடையும் கிடையாது, ஆசையும் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு மாலை மகன் வழக்கம்போல ஆரம்பித்து நடுவில் நிறுத்தினான். "அப்பா, பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. நாங்க இங்கயே வீடு வாங்கிட்டோம். உங்களப் பாக்க வருவோம். ஆனா தங்க வரமாட்டோம்பா."

லிஃப்ட்காரர் போனைக் காதில் வைத்தபடியே அழுதார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா, நல்லா இருங்க. இனிமே அடுத்த வருஷம்னு மட்டும் சொல்லாத. ஏற்கெனவே உயரம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்.

விடிந்தபோது படிகள் உச்சியிலிருந்து மறுபக்கமாகக் கீழே இறங்கியிருந்தன. கடைசிப் படி அக்கரைச் சந்தையில், காலியாகக் கிடந்த ஒரு கடையின் வாசலில் போய் நின்றிருந்தது. மனைவி தையல் மெஷினின் தலையைக் கழற்றி அவர் தோளில் ஏற்றினாள். உச்சிக்கு வந்ததும் அவர் திகைத்து நின்றார். ஏறிய வழியிலேயே இறங்கிப் பழகியவருக்கு, வேறொரு பக்கம் இறங்குவது இதுதான் முதல் தடவை.

"என்ன, பட்டன் தேடுறீங்களா? நடங்க" என்றாள்.

கடை நன்றாக ஓடுகிறது. காலமெல்லாம் பட்டன் அழுத்தியவர் இப்போது பட்டன் தைக்கிறார். சற்றுக் கோணலாக இருக்கும், ஆனால் பிய்ந்து வராது. அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதும் அவர்தான். தெருவே அந்தப் படி வழியாகத்தான் சந்தைக்குப் போய் வருகிறது. மகன் குடும்பத்தோடு வந்தபோது வீடு பூட்டித்தான் கிடந்தது. அவன் யாரையும் விசாரிக்கவில்லை, படி ஏறி அக்கரையில் இறங்கினான்.

"வாப்பா, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு" என்றார் அவர், கையிலிருந்த சட்டையைக் கீழே வைக்காமல். கடைசிப் பட்டன் பாக்கி இருந்தது.