வீரையாவின் சொக்கல்

கல்லலுக்கு ரயில் வருவதற்கு நாலைந்து வருஷம் முந்தி, ஒரு சித்திரையில், வீரையா பகலிலேயே சொக்கத் தொடங்கினார். நாலு ஏர் உழவைத் தானே பக்கத்தில் நின்று நடத்துகிற மனுஷர். காலைக் கஞ்சி குடித்துக் கொஞ்ச நேரம் ஆனால் போதும், தூணில் சாய்ந்தபடியே கண் சொருகிவிடும். கூப்பிட்டால் விழிப்பார், சிரிப்பார், ஏதோ சொல்ல ஆரம்பிப்பார். பேச்சு முடியுமுன் இமை இறங்கிவிடும்.

ஊரில் அதற்கு ஆளுக்கொரு பேர் வைத்தார்கள். அசதி என்றார்கள். வெயில் கிறக்கம் என்றார்கள். கள்ளு மப்பு என்று சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். அவர் மனைவி உமையாளுக்கு மட்டும் வேறொரு சொல் நெஞ்சில் தைத்துக் கிடந்தது: இடுமருந்து, ஆளை வசியப்படுத்தத் தெரியாமல் கலந்து கொடுக்கிற மருந்து.

காரணம் அடுத்த வீட்டில் இருந்தாள். வீரையாவின் அண்ணன் சம்சாரம் கல்யாணசுந்தரி. புருஷன் செத்து இரண்டு வருஷம், பிள்ளை கிடையாது. தினமும் காலையில் ஒரு செம்பு மோர் கொண்டு வருவாள். அதை உமையாளிடம் தருவதில்லை. நேரே வீரையா கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை நின்றிருப்பாள்.

"சூட்டு உடம்பு, தம்பி. மிச்சம் வைக்காமக் குடிங்க."

அந்த நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் விதம் உமையாளுக்குப் பிடிக்கவில்லை.

முழங்கால் வலி என்று சொல்லி மானகிரி போய், செம்மலை வைத்தியர் முன்னால் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு மயக்கமா வருதுங்க. யாரோ மருந்து வச்சுட்டாக."

"மயக்கம்னு ஒத்த வார்த்தையச் சொன்னா நான் என்னத்தத் தாயி கண்டேன்? நெனவு தப்புதா?"

"இல்லீங்க. கூப்பிட்டா முழிக்கிறாக."

"தலை சுத்துதா? பினாத்துறாரா? இல்லாத ஆளோட பேசுறாரா?"

"அதெல்லாம் இல்ல. சொக்குறாக. உள்ளுக்குள்ள என்னமோ சொகமா இருக்காப்புல மொகம் இருக்கு."

வைத்தியர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். பிறகு சொன்னார்: "அடுத்தவாட்டி சொக்கயில கண்ணத் தெறந்து பாரு. கருமணி நடுவுல இருக்கிற பாவை அகண்டு கெடந்தா ஊமத்தை. கடுகாட்டம் சுருங்கிக் கெடந்தா அபினி."

மறுநாள் உச்சிப்பொழுதில், மாட்டுக் கொட்டகை நிழலில் கிடந்தவரின் இமையை உமையாள் விரலால் தூக்கினாள். நிழலிலும் பாவை கடுகுக்கு மேல் பெரிதாக இல்லை. அவருக்கு விழிப்புக்கூட வரவில்லை.

மோரில்தான் அபினி என்று முடிவு கட்டினாள். விடிந்ததும் முற்றத்திலேயே கல்யாணசுந்தரியை மறித்துச் செம்பை வாங்கினாள். அவள் கண்ணெதிரே மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தாள். கல்யாணசுந்தரி வெறும் செம்பை வாங்கிக்கொண்டாள். முகம் வெளுத்துத் திரும்பிப் போனாள். அந்த வெளுப்பே சாட்சி என்று நினைத்து உமையாள் தூணோரம் உட்கார்ந்து மயக்கத்துக்காகக் காத்திருந்தாள். உச்சியாகியும் புளித்த ஏப்பம்தான் வந்தது. மோர் குடிக்காத வீரையாவோ வழக்கம்போலச் சொக்கிக் கிடந்தார்.

உமையாள் அவர் மடியிலிருந்த வெற்றிலைப் பையை உருவிக் கொட்டினாள். பாக்குக்கு நடுவே ஓலைத் துணுக்கில் சுற்றிய கருப்பு உருண்டைகள் விழுந்தன. முகர்ந்தாள். கசப்பு நெடி தொண்டைக்குள் இறங்கியது.

அவர் தெளிந்ததும் உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள்.

"யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல. நாந்தான் வாங்குனேன். காரைக்குடியில சர்க்கார் உத்தரவு வாங்கி விக்கிற கடை இருக்கு." அவர் தலை நிமிரவில்லை. "போன வருசம் வண்டி கவுந்து இடுப்புல விழுந்துச்சுல்ல, அந்த வலி போகவே இல்ல உமையா. ஒரு வண்டிக்காரன் சொன்னான். மொதல்ல மிளகத்தனைதான் போட்டேன்."

"எங்கிட்டச் சொல்ல வாயில்லையா?"

"நீ அழுவ. வயக்காட்டுல நா மயங்கிக் கெடந்தப்ப மதினி பாத்துட்டாக. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். இதத் தின்னா வயிறு கட்டிக்கிரும். அதுக்குத்தான் அந்த மோரு."

உமையாள் அன்று மாலையே கல்யாணசுந்தரி வீட்டு வாசலில் போய் நின்றாள். "அக்கா, தப்பா நெனச்சுட்டேன்."

"தெரியும்," என்றாள் கல்யாணசுந்தரி. "எம்புட்டு நாளா நெனச்சன்னும் தெரியும். சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன், நா என்ன செய்ய?"

உமையாள் போய்ச் சொன்னதும் வைத்தியர் உருண்டையை நாளுக்கு நாள் சிறிதாக்கினார். வீரையா வியர்த்துக் கொட்டினார், கால் குடைகிறது என்று அழுதார், உமையாளை வாயில் வந்த வசவெல்லாம் வைதார். இரண்டு பெண்களும் மாறி மாறி அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது நாளில் தேறினார். இடுப்பு வலி திரும்பி வந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு, ஆனால் விழித்த கண்ணோடு, வயலுக்குப் போனார்.

வரப்பில் கஞ்சியை வைத்துவிட்டு உமையாள் கேட்டாள்: "எனக்குத் தெரியாம மதினிக்குத் தெரிஞ்சது வேற எதுவும் இருக்கா?"

"வேற என்ன இருக்கு?" என்றார் வீரையா, நேராகப் பார்த்தபடி.

வெயிலில் அவர் கண் சுருங்கியிருந்தது. உமையாள் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்து தின்ற கண்ணைக் கண்டுபிடிக்க வைத்தியர் சொல்லிக் கொடுத்திருந்தார். பொய் சொல்லும் கண்ணைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழியும் இல்லை.