நாம் என்று எழுதியிருந்தேன்

நாங்கள் தமிழில் டப்பிங் செய்துகொண்டிருந்த அந்த வெளிநாட்டுப் படத்தில், படித்து முடித்த நாலைந்து பேர் ஒரு வாடகை வீட்டில் படுத்துக்கிடந்தபடி உலகத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். தொண்ணூறுகளில் இந்த மாதிரிப் படங்கள் வரிசைகட்டி வந்தன. கதாநாயகனுக்குக் கலைந்த தலை, சாயம் போன சட்டை, வேலைக்குப் போகிறவர்கள் எல்லார் மேலும் ஓர் இளக்காரம். கதாநாயகி பாவம், இரண்டு இடத்தில் வேலை பார்த்து அவனுக்கும் சேர்த்து வடித்துக் கொட்டுவாள். நல்ல வேலை கிடைத்து அவள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது பேருந்து நிலையத்துக்கு ஓடி வந்து ஒரு வார்த்தை சொல்வான். அவளும் உருகிப்போய்ப் பெட்டியைக் கீழே வைத்துவிடுவாள். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வசனம் எழுதுவதுதான் என் வேலை. இலக்கியம் படித்து முதல் வகுப்பில் தேறியவளுக்கு, எவனுடைய வாயசைப்புக்கோ தமிழை வெட்டி ஒட்டுகிற உத்தியோகம். திரையில் உதடு ஒட்டினால் நம் சொல்லிலும் ப-வோ ம-வோ வர வேண்டும். வாய் பிளந்தால் 'ஆ' என்ற ஒலி வர வேண்டும். அர்த்தமெல்லாம் அதற்கப்புறம்தான். சின்னச் சின்னத் துண்டாகப் படத்தை ஓட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் குரலைப் பதிவு செய்வோம். சுவரெல்லாம் கம்பளி ஒட்டிய காற்றில்லாத அறை அது. மின்விசிறியின் சத்தம் ஒலிவாங்கியில் விழும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். கோடையில் அங்கே காதல் வசனம் பேசுகிறவர்களின் முதுகைப் பார்த்தால் காதலே வெறுத்துவிடும்.

கதாநாயகனுக்குக் குரல் கொடுத்தவன் என் வகுப்புத் தோழன். கல்லூரியில் எல்லாரும் அவனைப் 'புரட்சி' என்று கூப்பிடுவோம். டை கட்டுவது தன் கழுத்தில் தானே சுருக்குப் போட்டுக்கொள்வது என்று மேடையேறிப் பேசியவன். சிபாரிசில் வேலைக்குப் போனவர்களின் பெயரைச் சொன்னாலே காறித் துப்புவான். அவனுடைய குரல் மட்டும் அப்படியொரு குரல். தொலைபேசி எண்ணைப் படித்துக் காட்டினால்கூட இன்னொரு தடவை சொல்ல மாட்டானா என்று இருக்கும். அந்தக் குரலில்தான் நான் விழுந்தேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, ஊரே விழுந்த குரல்.

அந்தச் சமயம் வெளியூரிலிருந்த ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் மொழிபெயர்ப்புப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. நிரந்தர வேலை, ஜன்னல் உள்ள அறை. புரட்சியிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"நீ போயிட்டா நான் இங்க யாருக்காக இருக்கறது? போகாத. நாம இங்கயே இருப்போம். சின்னதா ஒரு வீடு பாத்துக்கலாம். ஞாயித்துக்கிழமை நானே வந்து உங்கப்பாகிட்ட பேசறேன்."

வேலை வேண்டாம் என்று நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். "நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்று அந்தப் பக்கம் ஒரு பெண் கேட்டாள். யோசித்துவிட்டதாகச் சொன்னேன். மறுநாளே அந்த இடத்துக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை கடைசிக் காட்சியைப் பதிவு செய்தோம். பேருந்து நிலையம், பெட்டி, ஓடி வருகிற கதாநாயகன். அந்த மொழியில் ஒரு தொல்லை உண்டு. எதிரே நிற்பவரைச் சேர்த்து 'நாம்' என்றாலும் விட்டுவிட்டு 'நாங்கள்' என்றாலும் அவர்களுக்கு ஒரே சொல்தான். நமக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை. காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவன் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறான், உதடும் முதல் சொல்லில் ஒருமுறை ஒட்டுகிறது. 'நாம சமாளிச்சுடுவோம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

புரட்சி ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று சொன்னான். "நாங்க சமாளிச்சுடுவோம்."

"வாய் மூடற எடத்துல நீ தொறக்கற தம்பி. இன்னொண்ணு போலாம்" என்றார் ஒலிப்பதிவுக்காரர். பழுத்த ஆள், எங்களைப் போல எத்தனையோ பட்டதாரிகளை அந்த அறையில் வேகவைத்தவர்.

மறுபடியும் 'நாங்க' என்றே வந்தது. காகிதத்தைப் பார்த்துத்தான் படித்தான், ஆனாலும் நாக்கு அங்கேயே போய் நின்றது. அதற்கடுத்த முறையும் அதுவே.

"யோவ், அந்தப் பொண்ணு உன்ன நம்பிப் பொட்டியக் கீழ வைக்குது. அத ஏன்யா வெளிய தள்ற? உள்ள சேத்துக்கய்யா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டேன். சொல்லைப் பிடித்துப் பிழைக்கிறவளுக்கு நாக்கு ஏன் புரளும் என்று தெரியாதா? வாரம் முழுக்க எந்தச் சொல்லில் ஒருவன் புழங்குகிறானோ அதுதான் முந்திக்கொண்டு வரும்.

தேநீர் இடைவேளையில் மாடிப்படியில் அவனைப் பிடித்தேன்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வர்ற?"

"வர்றேன்... அதப் பத்திதான் நாங்க பேசிட்டிருக்கோம்."

"நாங்கன்னா யாருடா?"

வேறொருத்தி இருக்கிறாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவளை எப்படித் திட்டுவது என்றுகூட மனதுக்குள் தயாராகிவிட்டேன்.

"எங்க வீட்லதான். அம்மா, மாமா எல்லாம்" என்றான். கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே பேசினான். "மாமா கம்பெனில ஒரு எடம் இருக்காம். விற்பனப் பிரிவு. சேந்தா வண்டி குடுப்பாங்களாம். அம்மா ஒரு பொண்ணு பாத்திருக்காங்க. நாங்க இன்னும் முடிவா ஒண்ணும் சொல்லல."

"டை கட்டணுமா?" என்று கேட்டேன்.

"விளையாடாத. நான் தனி ஆளா இருந்தா உன்கூட எங்க வேணா வந்துடுவேன். எனக்குப் பின்னாடி குடும்பம் இருக்கு. உனக்குப் புரியும்னு நெனச்சேன்."

எனக்குப் புரிந்தது. புரட்சி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அம்மா முந்தானையை எப்போதுமே விடவில்லை. நான்தான் குரலைக் கேட்டுக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை.

"வேலைய விட வச்சியேடா. அப்ப இந்தக் குடும்பம் எங்கடா போயிருந்துது?"

"அன்னிக்கு அப்படித்தான் தோணுச்சு" என்றான். பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

உள்ளே போனோம். ஒலிப்பதிவுக்காரர் மறுபடி காட்சியை ஓட்டினார். மனதில் கிடந்ததை என் தலையில் இறக்கி வைத்துவிட்ட நிம்மதியோ என்னவோ, இந்தத் தடவை ஒரே மூச்சில் வந்துவிட்டது. 'நாம சமாளிச்சுடுவோம்.' உதடு ஒட்டிய இடத்தில் அப்படியே ஒட்டியது. குரல் லேசாகத் தழுதழுத்தது. ஒலிப்பதிவுக்காரர் கையைத் தட்டி, "இதத்தான்யா காலைலேருந்து கேட்டேன்" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அடுத்த துண்டுக்கான காகிதத்தை எடுத்துவைத்தேன். அவனை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை வேலையை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, நகக்கண்ணில் இருந்த கிரீஸைக்கூடத் தேய்த்துத் தேய்த்து எடுத்திருந்தார். அம்மா போனபிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் முறையாக வந்து பேசியதில்லை. பக்கத்து வீட்டில் நாற்காலி வேறு கேட்டு வாங்கி வைத்திருந்தார். என்னால் சொல்ல முடியவில்லை. எப்படியும் வர மாட்டான், ஏதாவது சாக்குச் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

ஆனால் வந்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறானாம். தலையைப் படிய வாரியிருந்தான். இரவல் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தான். நான் கதவுப் பக்கமாக நின்றேன்.

"ஐயா, உங்ககிட்ட நேர்ல சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தேன்" என்று ஆரம்பித்தான். ஒரு நிறுத்தம். "உங்க பொண்ணுக்கு நான் சரிப்பட மாட்டேன். அவங்க போக வேண்டிய தூரம் பெருசு. நான் கூட வந்தா அவங்களுக்குப் பாரம்தான்."

அந்த வசனம் என்னுடையது. படத்தின் நடுவில், கதாநாயகியின் தகப்பனிடம் கதாநாயகன் சொல்லிக்கொண்டு நழுவுகிற காட்சிக்கு எழுதியது. உதடு இரண்டு தடவை ஒட்டுகிறது என்பதற்காக ராத்திரியெல்லாம் மண்டையை உடைத்து 'சரிப்பட மாட்டேன்' என்று போட்டேன். எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுத்ததும் நான்தான். அந்தந்த இடத்தில் சரியாக மூச்சு வாங்கினான். மாமாவைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை வரவில்லை.

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் அவன் தோளைத் தொட்டார். "அப்படியெல்லாம் நெனைக்காதீங்க தம்பி. நீங்களும் நல்லா வருவீங்க" என்றார். தெருமுனை வரைக்கும் கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

வந்து வெகுநேரம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உனக்காக வேலைய விட்டுட்டேன்னு அவருகிட்ட சொல்லிக் காட்டினியாம்மா? பசங்களுக்கு அதெல்லாம் மனசுல தச்சுடும்."

"அவரு பேசினதெல்லாம் நான் எழுதிக் குடுத்ததுப்பா."

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், குழாயைத் திறந்தபடியே சொன்னார்.

"இருந்தாலும், என்ன கொரலும்மா அந்தத் தம்பிக்கு!"