வேனில் ஏறிய பதினோரு பேர்

18 செப்டம்பர் 2013, புதன்

வேன் பதிவேட்டில் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஏறியவர்களில் சிலரை எழுதவில்லை.

சொந்தப் பஸ் இல்லாத சிறு கம்பெனிப் பெண்களுக்கு ஒரகடம் வரை இலவச வேன் விட்டால் அவர்கள் லீவு போடுவது குறையுமா என்று பார்க்க ஓர் ஆய்வு. சேரப்பணஞ்சேரிப் பக்கம் எட்டு விடுதிகளின் பெயரைக் குலுக்கிப் போட்டு நான்குக்கு மட்டும் மூன்று மாதம் வேன் விட்டார்கள். காலையில் வேன் வாசலில் நின்று பெயர் குறிப்பது என் வேலை.

ஜூலையில் ஒரு நாள் வேல்விழி மழையில் நின்றாள். கோவில்பட்டிப் பெண். குலுக்கலில் அவள் விடுதிக்கு வேன் விழவில்லை.

“சீட்டு சும்மாதான கெடக்கு அண்ணே, ஏறிக்கிடுதேன்” என்றாள்.

ஏற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் அவளுடைய விடுதித் தோழிகளும் வந்தார்கள். அவர்கள் பெயர் என் தாளில் இல்லை. நானும் எழுதிச் சேர்க்கவில்லை.

ஆய்வு முடிவுகளைப் படித்து முடிவெடுக்கப் பழகும் மாலை வகுப்பில் அதிகாரிகளும் எங்களைப் போன்ற கள ஆய்வாளர்களும் சேர்ந்து உட்காருகிறோம். இன்று வகுப்பு எடுக்கும் மதிவதனி மேடம் எங்கள் வேன் கணக்கையே பயிற்சியாகக் கொடுத்தார். வேனைத் தொடரலாமா என்று வெள்ளிக்கிழமை குறிப்பு எழுத வேண்டியவர் கோதண்டம் சார். என் பக்கத்து நாற்காலி. வேன் கிடைத்த விடுதிகளிலும் கிடைக்காத விடுதிகளிலும் லீவு நாட்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன.

“வேன் உட்டாலும் அதான், உடலைன்னாலும் அதான். நிறுத்துன்னு எழுதிடறேன் மேடம்” என்றார்.

வேன் நின்றால் நான்கு விடுதிப் பெண்களும் மறுபடி லாரிகளுக்கு நடுவே ரோட்டோரம் நடக்க வேண்டும். எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். வேன் கிடைக்காத விடுதிப் பெண்களும் அதில் வந்ததால்தான் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கலாம் என்றேன்.

“அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னாப்பா? உன் நல்ல மனசால வேனுக்கே உலை வெச்சிருப்பேன் நானு” என்றார் கோதண்டம் சார். எல்லோரும் சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்டார். பதினோரு பேர் என்றேன். நாட்கள் தெரியவில்லை. அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். கூடாது, குலுக்கலில் விழுந்தபடி வேன் கிடைக்காதவர்கள் பக்கத்திலேயே இருக்கட்டும், வேனில் ஏறியதை மட்டும் தனியாகக் காட்டு என்றார். அதைப் பார்த்த பிறகும் வேனால் பலன் உண்டென்று தெரியாமல் போகலாம் என்றும் சொன்னார். வெள்ளி மதியம் வரை பொறுப்பதாகக் கோதண்டம் சார் ஒப்புக்கொண்டார்.

அன்று மழையில் வேல்விழியை ஏற்றியிருக்கக் கூடாது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

நாளை காலை ஐந்தரைக்கு வேல்விழியின் விடுதிக்குப் போக வேண்டும். பதினோரு பேரையும் தனித்தனியாகக் கேட்டு, ஏறிய நாட்களை எழுத வேண்டும். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுத வேண்டும்.