தாப்பியாக் காட்டில் செவ்வாய்க்கிழமை

தாப்பியாப் பழத்தை மரத்திலிருந்து பறிக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. தானாக விழுந்ததைத்தான் பொறுக்கலாம். மடகாஸ்கரை விட்டால் அந்தக் குட்டை மரம் வேறெங்கும் கிடையாது. அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெண் வுலுலுனா கூடையோடு போனபோது காட்டில் தரையே தெரியவில்லை. பைன் சருகு ஒரு சாண் கனத்துக்குக் கிடந்தது. விழுந்த பழமெல்லாம் அதற்குள் அழுகியிருந்தது.

ஓடைக்கு அப்பால் அவள் கணவனின் அண்ணன் ராட்சிம்பா பலகைக்காக பைன் நட்டிருந்தார். விதைகள் காற்றில் வந்து முளைத்து, தாப்பியாவின் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டன.

வுலுலுனா பைன் கன்றுகளைப் பிடுங்கத் தொடங்கினாள். செவ்வாய்க்கிழமை வயலில் இறங்கக்கூடாது, மீறினால் ஆலங்கட்டி விழும் என்பது எங்கள் கட்டுப்பாடு. அதனால் அவளுக்கு அன்றுதான் ஓய்வு. ஒருத்தி பிடுங்கி மலை தீருமா என்று நாங்கள் சிரித்தோம்.

ராட்சிம்பா சிரிக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்தார்.

"செவ்வாக்கெழம மண்ணக் கிளறுறா. ஆலங்கட்டி விழுந்து நெல்லு போனா யாரு பொறுப்பு?"

"நெல்லு மேல அக்கறையா மச்சான், பைன் மேல அக்கறையா?" என்று கேட்டாள் வுலுலுனா.

கூட்டம் சிரித்தது. ஆனாலும் செவ்வாயன்று வேரோடு பிடுங்கக்கூடாது என்றே பெரியவர்கள் முடிவு சொன்னார்கள்.

"வெட்டலாமா? வெட்டுனா மண்ணக் கிளற வேண்டாமே" என்றாள் வுலுலுனா.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்டலாம் என்றார்கள்.

அடியோடு வெட்டினால் பைன் மறுபடி துளிர்க்காது. ஒரு வாரம் அரிவாள் பட்டு வுலுலுனாவின் கட்டைவிரல் கிழிந்தது; அடுத்த வாரமும் துணி சுற்றிக்கொண்டு போனாள். அன்று ராட்சிம்பாவின் மனைவி ஹாந்தா கோடாலியோடு வந்து நின்றாள்.

"அக்கா, மச்சான் திட்டப் போறாரு."

"சொல்லிட்டுத்தான் வந்தேன். பழம் எங்கன்னு புள்ளைங்க கேக்குது. அவரு பலகையையா கடிக்கும்?"

பிறகு இன்னும் நாலு பெண்கள் சேர்ந்தார்கள். நானும் போனேன். பெரிய மரங்களில் கை வைத்த நாளன்று ராட்சிம்பா ஓடைக்கரைக்கே வந்துவிட்டார்.

"எம் மரத்துல ஒண்ணு கொறஞ்சாலும் பாருங்க!"

"ஓடைக்கு அந்தப் பக்கம் உங்களுது மச்சான். இந்தப் பக்கம் மொளச்சது எங்க பாடு" என்றாள் வுலுலுனா.

ஹாந்தா கோடாலியை ஓங்கியதும் அவர் கத்தினார்:

"ஏய், அங்கிட்டு சாய்க்காத! தாப்பியா மேல விழும். மேட்டுப் பக்கமா வெட்டு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அடுத்த பருவத்தில் பாதிச் சரிவில் புல் தெரிந்தது. வுலுலுனாவுக்கு மூன்று கூடைப் பழம் கிடைத்தது. மீதிப் பாதியில் இன்னும் பைன்தான். செவ்வாய்தோறும் போய்க்கொண்டிருக்கிறோம்.